மணலா, சுண்ணாம்பா, கருங்கல்லா? பிரான்ஸ் காட்டுப் பாதைகளில் நான்கு நாள் சைக்கிள் ஓட்ட எங்கே போகலாம்

மே மாதம் நெருங்கினால் பிரான்சில் வேலை பார்க்கிறவர்களுக்குக் காலண்டரைத் திறப்பதே ஒரு சந்தோஷம். ஒன்றாம் தேதி விடுமுறை, எட்டாம் தேதி விடுமுறை, ஈஸ்டரிலிருந்து நாற்பதாம் நாள் வரும் விண்ணேற்பு வியாழனும் பெரும்பாலும் இதே மாதத்தில்தான். வியாழனோடு வெள்ளிக்கு ஒரு லீவு எழுதிப் போட்டால் ஞாயிறு வரை நான்கு நாள் கையில். இதை இங்கே 'பாலம் போடுவது' என்பார்கள்.

அந்த நான்கு நாளில் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது என்பதில் எனக்கும் என் மச்சானுக்கும் ஆண்டுதோறும் வழக்கு. அவன் காரைக்கால்காரன், அரசலாற்றங்கரையில் வளர்ந்தவன். தண்ணீர் ஓரமாகப் போக வேண்டும், மத்தியானம் உட்கார்ந்து சாப்பிட வேண்டும், ராத்திரி கட்டிலில் படுக்க வேண்டும். எனக்குக் காடு இருந்தால் போதும், மற்றதெல்லாம் அப்புறம். மூன்று இடங்களையும் தனியாகவும் சேர்ந்தும் ஓட்டிப் பார்த்தாகிவிட்டது. அதனால் இந்த ஒப்பீடு காகிதக் கணக்கு இல்லை, கொஞ்சம் தொடை வலியும் கலந்தது.

போட்டியில் இருப்பவை மூன்று. பிரித்தானியில் நாந்த்–பிரெஸ்ட் கால்வாய்க்கரை. தென்மேற்கில் பெரிகோர், அதாவது வெஸேர், தோர்தோன் ஆறுகளின் பள்ளத்தாக்கு. பர்கண்டியில் மோர்வான் மலைக்காடும் அதன் விளிம்பில் ஓடும் நிவெர்னே கால்வாயும்.

லுவார் ஆற்றங்கரைப் பாதையை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்பீர்கள். சுமார் 900 கி.மீ. நீளம், அரண்மனைக்கு மேல் அரண்மனை, எல்லாம் சரி. ஆனால் பெரும்பாலும் தார் ரோடு, இல்லாவிட்டால் கார் குறைவான கிராமத்துத் தெரு. சாதாரண சைக்கிளே போதும், கிராவல் சைக்கிளுக்கு அங்கே வேலை இல்லை. தெற்கே புகழ்பெற்ற மிதி கால்வாய் 240 கி.மீ. அதன் கரையில் பிளாட்டான் மர வேர்கள் பாதையைப் புடைத்து எழுப்பியிருக்கின்றன. மரங்களுக்கு வந்த பூஞ்சை நோயால் ஆயிரக்கணக்கில் வெட்டியும் விட்டார்கள். நிழலுக்குப் பெயர் போன பாதையில் நிழல் இல்லாமல் ஓட்டுவது எனக்குச் சம்மதமில்லை.

கிராவல் சைக்கிள் என்றால் என்னவென்று கேட்பவர்களுக்கு: ரேஸ் சைக்கிளின் வளைந்த ஹேண்டில்பார், அதோடு 40 மி.மீ. அல்லது அதற்கும் அகலமான டயர், மேடேற எளிய கியர். தார் ரோட்டிலும் ஓடும், கப்பி ரோட்டிலும் ஓடும். இரண்டிலும் முதல் பரிசு வாங்காது.

மூன்று இடங்களின் படங்களையும் இணையத்திலிருந்து எடுத்துக் கலைத்துப் போட்டால் எது எந்த ஊர் என்று உள்ளூர்க்காரனுக்கே குழப்பம் வரும். பச்சை மரம், மெதுவாகப் போகும் ஆறு, கல் பாலம், தூரத்தில் ஒரு கோட்டை. படத்தில் தெரியாதது சக்கரத்துக்குக் கீழே இருப்பது. பிரித்தானிக் கரையில் இறுக்கிய மணல், பெரிகோரில் வெள்ளைச் சுண்ணாம்புக்கல், மோர்வானில் கருங்கல். எத்தனை கி.மீ. போக முடியும், மழை வந்தால் என்ன ஆகும், எந்த டயர் போட வேண்டும், ராத்திரி எந்த மூடில் வந்து சேர்வீர்கள் என்பதையெல்லாம் இந்த மண்தான் முடிவு செய்கிறது. காட்சியை நம்பித் தேர்ந்தெடுத்த ஒவ்வொரு முறையும் நான் ஏமாந்திருக்கிறேன்.

பிரித்தானி: கோடு போட்ட மாதிரி ஒரு பாதை

நெப்போலியன் காலத்தில் ஆங்கிலேயக் கடற்படை பிரெஸ்ட் துறைமுகத்தை மறித்து நின்றது. கடல் வழியே சரக்கு அனுப்ப முடியவில்லை, அப்படியானால் உள்நாட்டுக்குள்ளேயே நீர்வழி வெட்டு என்று கிளம்பியதுதான் நாந்த்–பிரெஸ்ட் கால்வாய். எர்த்ர், ஊஸ்த், பிளாவே, ஓல்ன் என்று ஆறுகளைக் கோத்து 364 கி.மீ. வேலை முடிந்து திறந்தபோது 1842. நெப்போலியனும் இல்லை, முற்றுகையும் இல்லை. கொஞ்ச காலத்தில் ரயில் வந்து சரக்கையும் பிடுங்கிக்கொண்டது.

நமக்கு லாபம் என்னவென்றால், குதிரைகள் படகை இழுத்துப் போன கரை அப்படியே மிஞ்சியது. கல்தூளும் மணலும் கலந்து உருளை ஓட்டி இறுக்கிய பரப்பு. தார் இல்லை, பள்ளமும் இல்லை. 35 மி.மீ. டயரே போதும். படகை மேலேற்றிக் கீழிறக்கும் மதகுகள் 230க்கு மேல் வழி நெடுக இருப்பதால், மேடு வருகிறது என்பதே ஒவ்வொரு மதகிலும் ஓர் ஆள் உயரத்துக்குச் சின்னதாக ஏறும்போதுதான் தெரியும். மொத்தக் கால்வாயின் உச்சியே கடல் மட்டத்திலிருந்து 184 மீட்டர்தான், க்ளோமெல் என்ற ஊரில். அங்கே மலையைப் பிளந்து வாய்க்கால் எடுத்தவர்கள் பிரெஸ்ட் சிறையிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள். 1823 முதல் 1832 வரை கையால் தோண்டினார்கள். இன்று அந்த ஆழ்வெட்டுக்குள் இரண்டு பக்கமும் மரம் மூடி, நடுப்பகலிலும் பச்சை இருட்டு. சைக்கிளை நிறுத்தி ஒரு நிமிஷம் நின்றால் சங்கிலிச் சத்தம் அடங்கியதும் தண்ணீர் சொட்டுவது கேட்கும். இந்தப் பயணத்தில் எனக்கு மனதில் நின்ற இடம் அதுதான், ஜோஸ்லேன் கோட்டையின் மூன்று கோபுரங்கள்கூட இல்லை.

கெர்லெதான் ஏரி இன்னொரு விநோதம். 1930இல் கட்டி முடித்த மின்சார அணை கால்வாயை இரண்டாக அறுத்துவிட்டது. 17 மதகுகள் தண்ணீருக்கடியில் போயின. படகு அன்றோடு நின்றது. 2015இல் ஏரியை வடித்தபோது மூழ்கிய மதகுகளும் வீட்டுச் சுவர்களும் சேற்றிலிருந்து எழுந்து நிற்க, பார்ப்பதற்குக் கூட்டம் அலைமோதியது. சைக்கிள் பாதை இங்கே கால்வாயை விட்டு விலகிப் பழைய ரயில் தடத்தில் ஏறுகிறது. தெற்குக் கரையில் கெனெகான் காடு. 1184இல் எழுப்பிய போன்-ரெப்போ மடாலயத்திலிருந்து அதற்குள் நுழையலாம். அதுவரை தட்டையாகப் போய்க்கொண்டிருந்த கால்களுக்கு அங்கேதான் முதன்முதலாக வேலை வரும். 'தனியார் நிலம்' பலகைகளை மட்டும் கவனித்துப் போங்கள்.

குறை என்ன? அலுப்பு. இரண்டாம் நாள் மதியத்துக்கு மேல் கால்வாய் தன் வித்தையெல்லாம் காட்டி முடித்துவிடும். மதகு, மதகுக்காரர் வீடு, ஜன்னலில் ஜெரேனியம் பூ, நேர்கோடு. மறுபடி மதகு. தட்டையான பாதையில் மிதிப்பதை நிறுத்தி இளைப்பாற இறக்கமே கிடையாது என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. நாளுக்கு 90 கி.மீ. என்று நான்கு நாளில் முடிக்கக் கிளம்பினால், உட்காருமிடம் கதறும். மழையில் அந்த மணல் பரப்பு ஓட்டத்தைக் கெடுக்காது, ஆனால் நுண்ணிய கூழாகி பிரேக்கிலும் சங்கிலியிலும் அப்பிக்கொண்டு மாவரைக்கும் சத்தம் போடும். சாயங்காலம் தண்ணீர் ஊற்றிக் கழுவாமல் படுத்தால் காலையில் வருத்தப்படுவீர்கள்.

திசையில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அட்லாண்டிக் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து அடிப்பது. வழிகாட்டிப் புத்தகங்கள் நாந்திலிருந்து தொடங்கச் சொன்னாலும், ஷாத்தோலென் வரை ரயிலில் போய் அங்கிருந்து கிழக்கே வாருங்கள். காற்று முதுகில் கை வைத்துத் தள்ளும்.

பெரிகோர்: ஆறு அழகு, ஆனால் கரை இல்லை

மச்சானின் கட்சி இதுதான். படத்தைப் பார்த்தால் அவனைக் குறை சொல்ல முடியாது. வெஸேர் ஆறு செங்குத்துச் சுண்ணாம்புப் பாறைகளை அறுத்துக்கொண்டு வளைந்து வளைந்து போகிறது. மொந்தின்யாக்கிலிருந்து தோர்தோனோடு கலக்கும் லிமெய் வரை ஐம்பது கி.மீ. சொச்சம்தான். அதற்குள் லாஸ்கோ ஓவியக் குகை, ஒரு கி.மீ. நீளத்துக்குக் குடைந்து மனிதர்கள் வாழ்ந்த ரோக் சேன்-கிறிஸ்தோஃப் பாறை, லே செசியின் குகைகள் என்று பார்க்க வேண்டிய இடங்கள் வரிசையாக நிற்கின்றன.

சிக்கல் எங்கே என்றால், இது வெட்டிய கால்வாய் இல்லை, இயற்கை ஆறு. குதிரை நடந்த கரை என்று தொடர்ச்சியாக எதுவும் இல்லை. பாறை நேராகத் தண்ணீரில் இறங்குகிறது. மிச்சமிருக்கும் ஒடுக்கமான இடத்தை டி706 ரோடு எடுத்துக்கொண்டது. கோடையில் அந்த ரோட்டில் வீட்டு வண்டிகள் முழங்கையை உரசிக்கொண்டு போகும். அதனால் கிராவல் பாதை போடுகிறவர்கள் உங்களை ஒவ்வொரு முறையும் மேட்டுக்கு ஏற்றிவிடுகிறார்கள். ஆற்று மட்டத்திலிருந்து மேட்டுநிலம் நூறு, நூற்றைம்பது மீட்டர் உயரம்தான். ஆனால் அது வளைந்து சுற்றாமல் நெஞ்சுக்கு நேரே ஏறும். ஏறி முடித்ததும் வால்நட் தோப்பு, கருவாலிக் காடு, செஸ்ட்நட் காடு, வெள்ளைப் பாதை. பிறகு இறக்கம், ஆறு, ஒரு காப்பி. மறுபடி ஏற்றம். ஒரு நாளில் இப்படி ஏழெட்டுத் தடவை. தூரம் 50 கி.மீ. என்று கடிகாரம் காட்டும், கால் அதை நம்பாது.

அந்த வெள்ளைப் பாதையைப் பற்றிச் சொல்ல வேண்டும். 'காஸ்தீன்' என்று இங்கே சொல்லும் உடைத்த சுண்ணாம்புக்கல். காய்ந்த நாளில் மூன்று இடங்களில் இதுதான் சொகுசு. இறுகி, வேகமாக, டயருக்குக் கீழே மெல்லச் சலசலத்துக்கொண்டே ஓடும். நனைந்தாலோ கதை வேறு. கல் அடங்கிய இடத்தில் பரவாயில்லை. கல் தீர்ந்து வெறும் களிமண் தொடங்கும் இடத்தில் சைக்கிள் எடை கூடிக்கொண்டே போகும். செஸ்ட்நட் இலையும் களியும் சேர்ந்து டயருக்கும் ஃபோர்க்குக்கும் நடுவே அடைத்து, சக்கரமே சுற்றாமல் நின்றுவிட்டதைப் பார்த்திருக்கிறேன். குச்சியால் தோண்டி எடுத்து, பத்து மீட்டர் தள்ளி, மறுபடி தோண்டி. மச்சான் அன்று சொன்னது: "இதுக்கு நடவு நட்டிருக்கலாம்டா."

ஆகஸ்டில் போகவே போகாதீர்கள். வெயில் வெள்ளைக் கல்லில் பட்டுக் கீழிருந்தும் அடிக்கும், தங்க இடமும் கிடைக்காது.

இன்னொரு 'ஆபத்து' குகைகள். லாஸ்கோவை 1940இல் கண்டுபிடித்தார்கள். பார்வையாளர்களின் மூச்சுக்காற்றே ஓவியங்களைக் கெடுக்கிறது என்று 1963இல் மூடிவிட்டார்கள். இப்போது பார்ப்பது மலையடிவாரத்தில் 2016இல் திறந்த முழு அளவு நகல். நகல்தானே என்று அலட்சியமாகப் போனவன் நான், வாயைப் பிளந்துகொண்டுதான் வெளியே வந்தேன். அசலைப் பார்க்க வேண்டுமானால் லே செசி பக்கம் ஃபோன்-த-கோம் இருக்கிறது. நாளுக்குச் சிலரைத்தான் உள்ளே விடுவார்கள், டிக்கெட் முன்பே எடுக்க வேண்டும். ரூஃபின்யாக் குகைக்குள் சின்ன மின்சார ரயிலில் உட்கார்ந்து மாமத் யானை ஓவியங்களைப் பார்க்கலாம். இதில் இரண்டைச் சேர்த்தால் ஒரு நாள் போச்சு. நான்கு நாளில் இரண்டரை நாள்தான் ஓட்டம் என்று கணக்கு வைத்துக்கொண்டால் பெரிகோர் இனிக்கும். ஓட்டம்தான் முக்கியம் என்றால் கசக்கும்.

மோர்வான்: மரத்துக்காக வந்த பாதைகள்

இனி என் கட்சி. நடுநிலை இருக்காது, சொல்லிவிடுகிறேன்.

பாரிசிலிருந்து தென்கிழக்கே இருநூறு சொச்சம் கி.மீ. தள்ளிக் கிடக்கும் கருங்கல் திட்டு மோர்வான். உச்சி ஓ-ஃபொலேன், 901 மீட்டர். ஆல்ப்ஸ் பார்த்தவர்கள் சிரிப்பார்கள். ஆனால் மேற்கிலிருந்து வரும் மேகம் வழியில் வேறெதிலும் முட்டாமல் வந்து முட்டும் மேடு இது. ஆண்டுக்கு 1,000 மி.மீ.க்கு மேல் மழை, அதனால் காடு.

இந்தக் காட்டின் பாதைகள் உல்லாசத்துக்காகப் போட்டவை அல்ல. 16ஆம் நூற்றாண்டிலிருந்து ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் பாரிஸ் வீடுகளின் அடுப்பும் கணப்பும் மோர்வான் விறகில் எரிந்தன. வெட்டிய கட்டையின் தலையில் சுத்தியலால் முதலாளியின் முத்திரை குத்தி ஓடையில் தள்ளிவிடுவார்கள். கட்டைகள் உருண்டு புரண்டு கூர் ஆற்றிலும் யோன் ஆற்றிலும் இறங்கும். யோன் வழி வந்தவற்றைக் கிளாம்சி ஊரில் பிடித்து, முத்திரை பார்த்துப் பிரித்து, எழுபது மீட்டருக்கு மேல் நீளும் தெப்பமாகக் கட்டி பாரிசுக்கு மிதக்க விடுவார்கள். தெப்பம் ஓட்டிய தொழிலாளிக்குக் கிளாம்சிப் பாலத்தில் சிலை வைத்திருக்கிறார்கள். ஓடையில் தண்ணீர் போதாதபோது திறந்துவிடுவதற்காகக் கட்டிய அணைதான் 1861இல் முடிந்த லே செத்தோன் ஏரி. இப்போது அங்கே வாத்து மிதிபடகு ஓடுகிறது.

விறகு போனாலும் மரத்தொழில் போகவில்லை. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு வட அமெரிக்காவின் டக்ளஸ் மரத்தை வரிசை வரிசையாக நட்டார்கள். இன்று மோர்வான் காட்டில் ஏறக்குறைய பாதி ஊசியிலை மரம். மலைச்சரிவையே மொட்டையடித்து வெட்டும் முறையை எதிர்த்து உள்ளூர்க்காரர்கள் சேர்ந்து காட்டுத் துண்டுகளை விலைக்கு வாங்கிக் காக்கிறார்கள். நமக்கு இது எப்படி வந்து சேர்கிறதென்றால், காடு முழுக்க லாரி போகும் அகலத்துக்கு ஜல்லிப் பாதைகள் பின்னிக் கிடக்கின்றன. கார் கிடையாது, தடுப்புக் கட்டை போட்டிருக்கும். அதன் ஓரமாகச் சைக்கிள் நுழைந்துவிடும். வரிசையாக அடுக்கிய மரங்கள், வெட்டு முகத்தில் சிவப்பு மஞ்சள் பெயின்ட் எண்கள், புதுப் பிசின் வாசம். நாள் முழுக்க ஓட்டி நான்கு பேரைக்கூடப் பார்க்காத நாட்கள் உண்டு.

ஜல்லி என்றால் கொஞ்சம் பெரிய ஜல்லி, முட்டை அளவுக்கு. இறக்கத்தில் 35 மி.மீ. டயரோடு வந்தால் பல் ஆடும். குறைந்தது 45 மி.மீ., டியூப்லெஸ், காற்றழுத்தம் இரண்டு 'பார்' அளவைச் சுற்றி. ஆனால் மழையில் இந்த மண் பெரிகோர் மாதிரி காலை வாரிவிடாது. கருங்கல் சிதைந்து ஆவது களி இல்லை, கொரகொர மணல். தண்ணீர் கீழே இறங்கிவிடும். மரம் இழுக்கும் இயந்திரம் இப்போதுதான் போயிருக்கும் பாதை மட்டும் விதிவிலக்கு. முழங்கால் ஆழச் சக்கரத்தடம், அதில் பழுப்புத் தண்ணீர். ஆழம் பார்க்கச் சைக்கிளை விடாதீர்கள்.

அந்தத் தடங்களில் கிடக்கும் சுள்ளிதான் மோர்வானின் பெரிய எதிரி. மூன்றாண்டுக்கு முன் கட்டைவிரல் தடிமனில் ஒரு டக்ளஸ் குச்சி பின்சக்கரத்தில் சிக்கி, கியர் மாற்றியை அப்படியே மேலே இழுத்துக்கொண்டு போனது. 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். உடைந்தது கியர் மாற்றி இல்லை, அது தொங்கும் ஹேங்கர் என்ற விரல் நீள அலுமினியத் துண்டு. பெரிய பாகம் உடையாமல் இருக்கத் தான் உடைய வேண்டும் என்றே செய்யப்பட்டது அது. தன் கடமையைச் செய்தது. ஆனால் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒவ்வொரு வடிவம். நாற்பது கி.மீ. தள்ளி இருந்த கடையில் நூறு வகை இருந்தும் என் வகை இல்லை. சங்கிலியை அறுத்துக் குட்டையாக்கி, ஒரே கியரில் மிதித்தும் தள்ளியும் ரயில் நிலையம் போய்ச் சேர்ந்தேன். மச்சான் வழியெல்லாம் விசில் அடித்துக்கொண்டே வந்தான்.

இதெல்லாம் தெரிந்தும் ஏன் மோர்வான் என்றால், இங்கே ஒரே பயணத்தில் மண் மாறுவதைக் கண்ணால் பார்க்கலாம். ரயிலில் ஓசேர் வந்து இறங்குங்கள். முதல் நாள் நிவெர்னே கால்வாய்க்கரை, 174 கி.மீ. கால்வாயில் கிளாம்சி வரை ஒரு துண்டு. தட்டை, நிழல், சோசுவா வெள்ளைப் பாறைகளில் தொங்கும் மலையேறிகள். இரண்டாம் நாள் வெஸ்லே குன்று. உச்சியில் மகதலேனா பேராலயம், அதன் கல், வீடுகளின் சுவர், வயல் ஓரத்துப் பாதை எல்லாம் ஒரே மஞ்சள்-வெள்ளைச் சுண்ணாம்பு. அங்கிருந்து பியேர்-பெர்த்துய்யை நோக்கி இறங்கும்போது சக்கரத்தைக் கவனித்துக்கொண்டே இருங்கள். பாதையின் வெள்ளை மங்கி, பழுப்பாகி, பிறகு இளஞ்சிவப்புச் சாயலில் சாம்பலாகிறது. அடுத்த கிராமத்தின் சுவர்கள் கருங்கல். திராட்சைத் தோட்டம் நின்றுவிடுகிறது, பெரணி தொடங்குகிறது. டயரின் சத்தமே மாறும். பத்துப் பதினைந்து நிமிஷத்துக்குள் நடப்பது இது.

அதற்குப் பிறகு கார்ரே-லே-தோம்ப். தேவாலயத்தைச் சுற்றி நூற்றுக்கும் மேற்பட்ட கல் சவப்பெட்டிகள் வெறுமனே அடுக்கிக் கிடக்கும் ஊர். ஏன் அத்தனை என்பதற்கு ஊருக்குள்ளேயே பல கதை. மூன்றாம் நாள் செத்தோன் ஏரியிலிருந்து ஓ-ஃபொலேன் பக்கம். ஊரூ ஊருக்கு அருகே காட்டின் நடுவில் சின்னக் கல்லறைத் தோட்டம் ஒன்று இருக்கிறது. 1944இல் இந்தக் காட்டில் ஒளிந்து ஜெர்மானியரோடு போரிட்ட எதிர்ப்புப் படையினரும், விமானம் விழுந்து இறந்த பிரிட்டிஷ் விமானிகளும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கிறார்கள். ஜல்லிப் பாதையிலேயே போய்விடலாம். கடைசி நாள் இரண்டு வழி. தெற்கே பிப்ராக்த், சீசர் காலத்தில் இந்த மண்ணில் வாழ்ந்த காலியர்களின் மலைநகரம், அப்படியே இறங்கி எத்தாங் ரயில் நிலையம். அல்லது மேற்கே சார்தி, 16 மதகுகள் காட்டுக்குள் படிக்கட்டு மாதிரி இறங்கும் இடம், பிறகு கொர்பினி ரயில் நிலையம். கால் தீர்ந்துபோனவர்களுக்கு இரண்டாவது.

ஏற்றத்தை மறைக்க மாட்டேன். மலைப்பகுதியில் 65 கி.மீ. ஓட்டினால் ஆயிரத்து இருநூறு மீட்டருக்குக் குறையாமல் ஏறியிருப்பேன் என்பது என் கணக்கு. கியரில் முன்பல்சக்கரத்தின் பற்களைவிடப் பின்பல்சக்கரத்தின் பற்கள் அதிகமாக இருக்கும் ஒரு ஜோடி இல்லாவிட்டால் முட்டி கெஞ்சும்.

ரயில், தண்ணீர், சாப்பாடு

பாரிசிலிருந்து போக மோர்வான்தான் சுலபம். பெர்சி நிலையத்தில் சைக்கிளை மாநில ரயிலான தெ.ஏ.ஆரில் அப்படியே ஏற்றிக்கொண்டு ஓசேரில் இறங்கிவிடலாம். பிரித்தானிக்கும் பெரிகோருக்கும் வேக ரயிலோ தொலைதூர ரயிலோ வேண்டும். அதில் சைக்கிளுக்கான தனி இடங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம், கூடுதலாகப் பத்து யூரோ. பாலம் போடும் வாரத்துக்கு அந்த இடங்கள் மாதக் கணக்கில் முன்பே தீர்ந்துவிடும். சக்கரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டால் சாமானாகக் கொண்டுபோகலாம்.

தண்ணீர் விஷயத்தில் மூன்று இடத்துக்கும் ஒரே தந்திரம்தான், கல்லறைத் தோட்டம். ஒவ்வொரு பிரெஞ்சுக் கிராமக் கல்லறையிலும் பூச்செடிக்கு ஊற்றக் குழாய் இருக்கும். 'குடிநீர் அல்ல' என்று பலகை இல்லாவிட்டால் நிரப்பிக்கொள்ளலாம். ஊர் ஆட்கள் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை, தொப்பியைக் கழற்றிவிட்டு உள்ளே போங்கள்.

சாப்பாட்டில் பெரிகோர் ராஜா, அசைவக்காரர்களுக்கு. வாத்து, வாத்துக் கொழுப்பில் வதக்கிய உருளைக்கிழங்கு, மறுபடி வாத்து. சைவக்காரர்களுக்கு அங்கே வால்நட் போட்ட சாலட்டும் ரொட்டியும்தான் கதி. பிரித்தானியில் கறுத்த 'சராசேன்' (பக்வீட்) மாவில் சுடும் தோசை போன்ற கலெத் எங்கும் கிடைக்கும். பன்றி இறைச்சி வேண்டாம், முட்டையும் சீஸும் போதும் என்றால் சிரிக்காமல் போட்டுத் தருவார்கள். மோர்வானில் ருசி இரண்டாம் பட்சம், கடை திறந்திருக்கிறதா என்பதே கேள்வி. மத்தியானம் பன்னிரண்டரைக்கு மூடினால் மூன்று மணிக்கு மேல்தான், திங்கட்கிழமை முழுதும் மூடல், ஞாயிறு மதியத்துக்குப் பிறகு ஊரே உறக்கம். ஒரு வேளைச் சாப்பாட்டை எப்போதும் பையில் வையுங்கள்.

செப்டம்பர் மத்தியிலிருந்து பிப்ரவரி கடைசி வரை முக்கிய வேட்டைக் காலம். கால்வாய்க்கரையில் அதன் பாதிப்பு அவ்வளவாக இல்லை. மோர்வானிலும் பெரிகோரிலும் காட்டு முனையில் 'வேட்டை நடக்கிறது' என்று பலகை சாத்தியிருந்தால், உங்கள் வரைபடம் என்ன சொன்னாலும் திரும்பிவிடுங்கள். வார நாட்கள் கொஞ்சம் பாதுகாப்பு, ஆரஞ்சு நிற ஜாக்கெட் அவசியம். மே மாதத்தில் துப்பாக்கி அநேகமாக இல்லை, உண்ணி உண்டு. மூன்று காடுகளிலும் சாயங்காலம் குளித்ததும் முழங்காலுக்குப் பின்னால் தடவிப் பாருங்கள்.

அப்படியானால் யாருக்கு எது

முதல்முறை பை கட்டிக்கொண்டு கிளம்புகிறவர்கள், குழந்தைகளோடு போகிறவர்கள், நீண்ட தூரம் ஓட்டினேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைப்படுகிறவர்கள் பிரித்தானிக்குப் போங்கள். ஷாத்தோலெனிலிருந்து கிளம்பி ரெடோன் வரை போதும். அதற்கு மேல் நாந்த் வரை இழுத்தால் பெருமைக்குத்தான். மழை அறிவிப்பு மோசமாக இருந்தாலும் பிரித்தானியே.

ஒருவர் ஓட்ட, ஒருவர் பார்க்க என்று ஜோடியாகப் போகிறவர்களுக்குப் பெரிகோர். லே செசியில் ரயில் நிற்கிறது. அங்கேயே ஒரே அறையில் நான்கு இரவும் தங்கி, பை இல்லாமல் தினம் ஒரு வட்டம் ஓட்டுவது ஏற்றத்தைப் பாதியாக்கும். மே அல்லது செப்டம்பர் இறுதி, அதுவும் முந்தைய வாரம் மழை இல்லாதிருந்தால். மழை பெய்திருந்தால் அந்த வாரம் குகைகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வெறும் டயர் பெருமைக்காக இல்லாமல் நிஜமாகவே கிராவல் ஓட்ட ஆசையுள்ளவர்கள் மோர்வானைத் தள்ளிப்போடாதீர்கள். முதல் நாள் கால்வாய் கொடுத்து உங்களைப் பழக்கிவிட்டுத்தான் மலையைக் காட்டும். பிடிக்கவில்லை என்றால் கிளாம்சியிலேயே ரயில் ஏறிவிடலாம்.

இந்த ஆண்டு மச்சான் ஒருவழியாக இறங்கி வந்துவிட்டான், ஒரு நிபந்தனையோடு. முதல் இரண்டு இரவும் கட்டில், மூன்றாவது இரவு மட்டும் செத்தோன் ஏரிக்கரையில் கூடாரம். ஓசேருக்கு ரயில் புதன் சாயங்காலம். ஹேங்கர் இரண்டு வாங்கி, ஒன்றை அவன் பையில் போட்டுவிட்டேன். அவன் ஃபிரேமுக்கு அது பொருந்தாது, அவனுக்குத் தெரியாது.